சாயாத பாதி

அமலாவிடம் யாரும் 'ஜல்தி' என்று சொல்லக்கூடாது. கெடாருக்குப் பக்கத்துக் காலனியில் இது எல்லாருக்கும் தெரியும். நடவுக்கு ஆள் கேட்டு வருகிற கழனிக்காரர் வாயில் தப்பித்தவறி அந்தச் சொல் வந்துவிட்டால், பின்னாலிருந்து கூட வேலை பார்க்கிற மூத்தவள் சவுரியம்மாள் கையைக் காட்டி அடக்குவாள். அமலா சண்டைக்கெல்லாம் வரமாட்டாள். அப்படியே நின்றுவிடுவாள், அவ்வளவுதான். கையில் நாற்றுமுடி இருந்தால் அது கையிலேயே இருக்கும். அப்புறம் அன்றைக்கு அவளிடம் வேலை வாங்க முடியாது.

அவளுக்கு நாற்பது வயசு இருக்கும். நடவு, களை, அறுப்பு என்று சேர்ந்து போகிற பெண்கள் செட்டுக்கு அவள்தான் தலைவி. முன்பெல்லாம் அவள் இருக்கிற கழனியைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, காதால் கேட்டே கண்டுபிடித்துவிடலாம். அப்படி ஒரு சிரிப்பு, அப்படி ஒரு வாய். வேலைக்கு நேரமாகிவிட்டால் போதும், "ஜல்தி, ஜல்தி" என்று கூட இருப்பவர்களின் உயிரை எடுத்துவிடுவாள். புருஷன் அலெக்ஸுக்கு அதில் தனிப் பங்கு உண்டு. அவன் எதையும் நிதானமாகச் செய்கிறவன். பல் விளக்கவே அரை நாள் எடுத்துக்கொள்வான் என்று அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் விரட்ட, அவன் "தோ வர்றேன்" என்று சொல்ல, அவர்கள் குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அலெக்ஸ் வேலை பார்த்தது கண்ணையனிடம். வரப்பு கழிப்பது, மருந்து அடிப்பது, தண்ணீர் கட்டுவது எல்லாம் அவன்தான். கண்ணையனுக்கு ஏரிக்குக் கீழே ரெண்டு காணிக் கழனி. நடுவில் ஒரு வரப்பு. அதற்கு வடக்கே ஒரு பாதி, தெற்கே ஒரு பாதி. மேட்டுப் பக்கம் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை. கெட்ட மனுஷன் இல்லை கண்ணையன். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது, ஒரு ஜேசிபியைக் கூப்பிட்டு ஒரே காலையில் முடித்திருப்பார்.

அவருக்கு இருந்த ஒரே பேஜாரு, பயிர் சாய்வது. கார்த்திகை மழையில் அவர் கழனி சாயாத வருஷம் கிடையாது. கதிர் வாங்கி நிற்கிற நேரத்தில் ஒரு காற்று அடிக்கும். மறுநாள் போய்ப் பார்த்தால் மொத்தமும் பாய் விரித்த மாதிரி படுத்திருக்கும். தண்ணீரில் கிடக்கிற கதிர் பாதி முளைத்துவிடும், மீதி கருத்துவிடும். யூரியாவைக் குறைத்துப் பார்த்தார், விதையை மாற்றிப் பார்த்தார், ஐயனாருக்குக் கிடா வெட்டியும் பார்த்தார். பயிர் படுப்பதை நிறுத்தவில்லை.

போன வருஷம் திண்டிவனத்தில் விவசாயிகளுக்கு ஒரு நாள் பயிற்சி என்று செல்லில் செய்தி வந்தது. மத்தியானச் சாப்பாடு உண்டு என்பதால்தான் போனதாக அவரே சொல்லுவார். அங்கே ஒரு அம்மா பேசினார். நெல் மண்ணிலிருந்து எக்கச்சக்கமாக உறிஞ்சுகிற சத்து ஒன்று இருக்கிறது, அதை மட்டும் நீங்கள் யாரும் திருப்பிப் போடுவதில்லை என்றார். அதன் பேர் சிலிக்கான். மணலெல்லாம் அதுதான், ஆனால் பயிர் குடிக்கிற பதத்தில் மண்ணில் கிடப்பது கொஞ்சம். வருஷா வருஷம் வைக்கோலைக் கட்டி விற்கிறீர்கள், அந்தக் கொஞ்சமும் லாரி ஏறிப் போய்விடுகிறது. அது சரியாகக் கிடைத்த பயிர் தண்டு விறைத்து நிற்கும், இலை நிமிர்ந்து வெயில் வாங்கும், போட்ட உரத்தை வீணாக்காமல் எடுத்துக்கொள்ளும், குருத்துப்பூச்சி கடித்தாலும் பூச்சிக்குத்தான் வாய் தேயும் என்றார். கடையில் மூட்டையாகவும் கிடைக்கிறது, பாட்டிலாகவும் கிடைக்கிறது. ஒன்றுமில்லாதவர்களுக்கு உமிச்சாம்பல் இருக்கிறது என்று முடித்தார்.

கண்ணையன் பஸ் ஏறவில்லை. நேராக வழியில் இருந்த ஒரு ரைஸ் மில்லுக்குப் போனார். உமியை எரித்துத்தானே பாய்லர் ஓட்டுகிறார்கள், பின்பக்கம் சாம்பல் மலையாகக் கிடந்தது. யாராவது எடுத்துப்போனால் புண்ணியம் என்று மில்லுக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு லோடு வந்து கழனிக் கரையில் இறங்கியது. கிழக்கு மேற்காக ஒரு நீளமான குவியல், ஆள் உயரத்துக்கு.

"உள்ள இன்னும் கனிஞ்சிக்கினு கீது. நல்லா ஆறட்டும். கிட்ட ஒருத்தரையும் வுடாதீங்க" என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போனான். கண்ணையன் அதை எல்லாரிடமும் சொன்னார். சொன்னாரா என்றால் சொன்னார், அதில் குறை கிடையாது.

ஆனால் நல்ல மழை ஒன்று பெய்தது. விடியும்போது குவியலின் மேல் கறுப்பாக, கெட்டியாக ஓடு கட்டியிருந்தது. புகை இல்லை. ஒரு கோழி அதன்மேல் ஏறி நின்று சாவகாசமாகக் கிளறியதை எல்லாரும் பார்த்தார்கள். மழையே பெய்தாச்சு, இனி என்ன நெருப்பு என்று எல்லார் மனதிலும் விழுந்துவிட்டது. உமிச்சாம்பல் அப்படிப்பட்டது இல்லை. மேலே விழுந்த தண்ணீர் மேலேயே நின்று மூடிபோட்டுவிடும், அடியில் இருக்கிற கங்கு இன்னும் பத்திரமாக இருக்கும். இது மில்லில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியும், கழனியில் வேலை பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

அமலா செட்டோடு மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அலெக்ஸ் கீழே வரப்பு கழித்துக்கொண்டிருந்தான். குடிக்கிற தண்ணீர்க் குடம் மோட்டார் கொட்டாயில் இருந்தது. கொட்டாய்க்கும் கொல்லைக்கும் நடுவில் அந்தக் குவியல்.

"யோவ், தண்ணி எடுத்தா. தொண்ட காஞ்சி போவுது. ஜல்தி" என்று அவள் நிமிராமலே கத்தினாள்.

"தோ வர்றேன்" என்றான் அவன்.

எப்போதும் வரப்பைச் சுற்றித்தான் வருவான். அன்றைக்கு, என்ன தோன்றியதோ, பெண்டாட்டி சொன்னதைக் கேட்டான். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு குவியலின் மேற்கு முனையில் ஏறிக் குறுக்கே வந்தான். ஓடு விட்டுக்கொடுத்தது. இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டான்.

கண்ணையனும் சவுரியம்மாளும் மண்வெட்டியால் குவியலை வெட்டித் தள்ளி அவனை வெளியே இழுத்தார்கள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தான். நினைவு இருந்தது. "கொடம் கொட்டிடுச்சி அமலா" என்றான். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான், ஏதோ அதுதான் அவன் செய்த தப்பு மாதிரி. பிறகு அதையும் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். கழுத்தில் எப்போதும் கிடக்கிற வேளாங்கண்ணி மாதா டாலர் அப்போது இல்லை. சாமியார் மந்திரித்துக் கொடுத்தது, கல்யாணத்தன்று அமலா போட்டது. இழுக்கும்போது கயிறு அறுந்து சாம்பலிலேயே விழுந்திருக்கும் என்றார்கள். அவன் லுங்கி, அரைஞாண், செருப்பு எல்லாம் அங்கேதான். காலின் தோலும் அங்கேதான். "பாதியத்தான் பொதச்சிக்கீறோம்" என்று அமலா மகள் ரோஜாவிடம் சொன்னாள். "மீதி அங்கியே கெடக்குது."

அதற்கப்புறம் அவள் வீட்டில் இருக்கவில்லை. நடவுக்கு வந்துவிட்டாள். நெஞ்சழுத்தக்காரி என்று செட்டில் ஒருத்தி பேசினாள். அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது, அமலா வேலைக்கு வரவில்லை, புருஷனைப் பார்க்க வந்தாள்.

வந்து பார்த்தால் வடக்குப் பாதியில் சாம்பல் இறைத்துத் தண்ணீர் கட்டிச் சேடை உழவும் ஓட்டியாகிவிட்டது. சேறே சாம்பல் நிறத்தில் கிடந்தது. கரையில் குவியல் பாதியாகக் குறைந்து, மழையில் உருவம் அழிந்து, எந்த முனை எந்த முனை என்று தெரியாமல் நின்றது. அமலா அதை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"சாம்பல எந்தப் பக்கத்துலேருந்து வார்னீங்க?" என்று கண்ணையனைக் கேட்டாள்.

"கெழக்குப் பக்கம்தாம்மா. அவன் வுழுந்த எடத்துல நான் கை வைப்பனா?"

அவள் கும்பிட்டாள். அன்றிலிருந்து அந்தக் குவியல் அவளுக்கு இன்னொரு கல்லறை ஆனது. மத்தியானம் மற்றவர்கள் சோற்றுத் தூக்கைத் திறக்கிறபோது இவள் போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். வெயிலில் கிடக்கிற சாம்பல் சுடத்தானே செய்யும். "இன்னும் சுடுது யக்கா" என்று சவுரியம்மாளிடம் வந்து சொல்லுவாள். சவுரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். வீட்டில் அடுப்பு மூட்டினாலும் அமலாவுக்கு உமி தீய்கிற நாற்றம்தான் வந்தது. படுத்தால் உள்ளங்கால் எரிந்தது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பாள்.

நட்ட பயிர் ஐப்பசியில் இடுப்பளவு வந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. காற்று வந்தால் நெல் சலசலக்கும், அது உலகத்துக்கே தெரியும். ஆனால் தெற்குப் பாதியில் அது மெத்தென்று இருந்தது. வடக்குப் பாதியில் மட்டும் காய்ந்த ஓலையை உரசுகிற மாதிரி வறட்டுச் சத்தம். யாரோ பயிருக்குள் வருகிற சத்தம். களை எடுக்கப் போன பெண்கள் வடக்கே இறங்கத் தயங்கினார்கள். அமலா மட்டும் இறங்கினாள். காற்று மேற்கிலிருந்து எழும்பி அவளை நோக்கி வரும்போதெல்லாம் 'தோ வர்றேன், தோ வர்றேன்' என்று அவளுக்குக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தாள். வரமாட்டான் என்று தெரிந்தும் பார்த்தாள், பாவி மகள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கையெல்லாம் கீறல். திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிற ரோஜா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள்.

"சாம்பல்ல இருக்கறது வேர் வழியா இலைக்குப் போயிடுதும்மா. இலை ஓரத்துல கண்ணாடித் தூளாட்டம் ஒக்காந்துக்கும். அதான் இப்டி அறுக்குது. நெல்லு மேல உமி இருக்குல்ல, அதுலயும் அதான். அந்த உமிய எரிச்சா திரும்பச் சாம்பல். சுத்திச் சுத்தி அதேதான்."

"சாம்பல்ல இன்னா கெடந்தாலும் போவுமா?"

ரோஜா தடவுகிற கையை நிறுத்தினாள். "சும்மா இரும்மா" என்றாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊரோடு சேர்ந்து அலெக்ஸ் கல்லறைக்குப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றினாள். மிச்சம் ஒரு வத்தியை மடியில் கட்டிக்கொண்டு கழனிக்குப் போய்க் குவியலின் மேற்குப் பக்கத்தில் அதை ஏற்றி வைத்தாள். கண்ணையன் மோட்டார் கொட்டாயில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை. அந்தச் சமயத்தில் அவர் அவளை நேராகப் பார்ப்பதையே விட்டிருந்தார். துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் புயல் அடித்தது. ரெண்டு நாள் கூரை நிற்குமா போகுமா என்று எல்லாரும் கிடந்தார்கள். விட்டதும் ஊரே கழனிக்கு ஓடியது. சுற்றுப்பட்டில் ஒரு கழனி பாக்கியில்லை, எல்லாம் படுத்துக் கிடந்தது. கண்ணையனின் தெற்குப் பாதியும் தண்ணீருக்குள். நடுவரப்புக்கு இந்தப் பக்கம் வடக்குப் பாதி மட்டும் அப்படியே நின்றது. ஒரு கதிர் சாயவில்லை. ஜனங்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். சவுரியம்மாள் மட்டும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தை அறுப்பில் வடக்கே மிஷின் இறங்கியது. தெற்கே படுத்த பயிரில் மிஷின் போகாது, அமலா செட்டுதான் கையால் அறுத்தது. கையறுப்புக்குக் கூலி நெல்லாகத் தருவது அங்கே வழக்கம். எந்தக் கழனியை அறுத்தார்களோ அந்தக் கழனி நெல்லைத்தான் தருவார்கள். கறுத்துப்போன நெல்தான் கிடைக்கும் என்று பெண்கள் சாக்கோடு நின்றார்கள். கண்ணையன் வடக்குப் பாதி நெல்லை அளந்து போட்டார். தங்கம் மாதிரி நெல். மூக்கில் விரலை வைத்தார்கள். "கறுப்ப அவரு வூட்டுக்கு வெச்சிக்கினு நல்லத நமக்குக் குடுக்கறாரு பாரேன், இந்தக் காலத்துல யாரு செய்வா" என்று வழியெல்லாம் பேச்சு. அமலாவுக்கு மற்றவர்களைவிடக் கூடவே அளந்தார். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒங்க புள்ளைங்க நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டு வந்தாள்.

அந்த நெல்லைத்தான் அம்மாவும் மகளும் சாப்பிட்டார்கள். சோறு அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு மூட்டையை மட்டும் அவள் பிரிக்காமல் வைத்தாள். அலெக்ஸின் வருஷ பூசைக்கு வருகிறவர்களுக்கு அந்த அரிசியில்தான் சோறு போடவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் கண்ணையனுக்கு நிலைகொள்ளவில்லை. கரையில் கிடக்கிற மீதிச் சாம்பலைத் தெற்குப் பாதியில் இறைத்தால் அதுவும் நிற்கும். அது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் கூடை எடுக்க ஓர் ஆள் வரவில்லை. அமலா சொன்னால்தான் தொடுவோம் என்றுவிட்டார்கள். சவுரியம்மாளைத் தூது விட்டார்.

"எம் புருஷன் மேல சேடை ஓட்டச் சொல்றியாக்கா?" என்று கேட்டாள் அமலா. சவுரியம்மாள் வந்த வழியே திரும்பினாள்.

அப்புறம் ஒருநாள் கோடைமழை மாதிரி ஒன்று கொட்டியது. குவியல் கரைந்து வாய்க்காலில் சாம்பல் நிறத்தில் ஓடுவதை அமலா பார்த்தாள். யாருமே எடுக்காவிட்டாலும் இவன் இப்படியே கரைந்து எவன் கழனிக்கோ போய்விடுவான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் அவளே கண்ணையனிடம் போனாள்.

"எடுத்துக்கங்க. ஆனா மொதல்ல நான் சலிச்சிடறேன். அவரு டாலர் கெடைக்கணும். கெடச்சா அத கல்லறையில வெச்சிட்டு, மீதிய உங்களுக்கு வுட்டுடறேன்."

கண்ணையன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சரியென்று தலையாட்டினார்.

சலிக்க அவளும் சவுரியம்மாளும்தான். மேற்கு முனையில் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பக்கம் சல்லடையைப் பிடித்துக்கொண்டு, கூடை கூடையாக. முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாளும் ஒன்றும் இல்லை. முகமெல்லாம் சாம்பல் அப்பி இரண்டு பேரையும் அடையாளம் தெரியவில்லை. டாலர் போகட்டும், அரைஞாண் துண்டு, செருப்பு வார், லுங்கியின் ஒரு நூல் கூடவா இருக்காது? நல்ல சுத்தமான சாம்பல், கோயிலில் கொடுக்கலாம் போல. அமலா கையைத் தோள்பட்டை வரை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. ஒரு வருஷமாக அது சுடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் குளிர்ச்சி பயமாக இருந்தது.

கண்ணையன் கொட்டாய்க்கும் வரப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அவள் திரும்ப முதல் கூடையிலிருந்து சலிக்க ஆரம்பித்தபோது அவரால் தாங்க முடியவில்லை.

"அமலா. வுட்டுரு. அதுல இல்ல."

அவள் சல்லடையை நிறுத்தினாள்.

"அவன் ஆஸ்பத்திரில கெடக்கும்போது நாத்து முத்திப்போச்சு. மண்வெட்டியால வெட்டித் தள்னது எல்லாம் மேக்கால செதறிக் கெடந்துச்சி. டிராக்டர்காரன் வந்து நின்னுட்டான். கெட்டியா நிக்கற பக்கம் உள்ள நெருப்பு கீது, அதுல யாரு கைவைக்கறது. செதறினது ஆறிப்போய் கெடந்துச்சி. அதத்தான் தள்ளி ஓட்டிட்டோம். பொழச்சி வந்துடுவான்னுதாம்மா நெனச்சேன்."

"வடக்குப் பாதியிலயா?"

"ஆமா."

சவுரியம்மாள் சல்லடையைக் கீழே வைத்தாள். அமலா வடக்கே பார்த்தாள். அங்கே இப்போது ஒன்றுமில்லை, வெறும் தாள்தான் நின்றது. கேட்டபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அந்த நெல்லத்தான எங்களுக்கு அளந்தீங்க?"

அவர் தலையாட்டினார்.

"உங்க வூட்டுக்கு?"

"எம் பொண்டாட்டி ராஜாமணி அத வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னுட்டா. ஒல வைக்க மாட்டேன்னுட்டா. வெளிய விக்கலாம்னா அதுக்கும் மனசு வர்ல. உங்களுக்குக் குடுத்தா நல்ல நெல்லாச்சேன்னு..." அவரால் முடிக்க முடியவில்லை. முடித்திருந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் சொல்லிவிட முடியும்?

அமலா அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ரோஜாவிடம் சொன்னாள். ரோஜா படிக்கிற பெண். மண்ணில் கிடக்கிற மனுஷ உடம்பு அப்படியே நெல்லுக்குள் ஏறி வராது, வேருக்கு எல்லாம் உப்பும் தண்ணீரும்தான் என்று அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு வாசலில் போய் வாந்தி எடுத்தாள்.

வருஷ பூசை வந்தது. கோயிலில் பூசை முடிந்து வந்தவர்களுக்கு அமலா கடை அரிசியில்தான் சோறு போட்டாள். அந்த மூட்டை பிரிக்கப்படவில்லை என்று பெண்கள் நினைத்தார்கள். ஆனால் அதிலிருந்து ஒரு படி நெல் எடுத்து அவள் காலையிலேயே ரோஜா கையால் குத்த வைத்திருந்தாள். தனி அடுப்பில், தனிக் குண்டானில் சோறு வடித்து, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் கண்ணையன் தெருவுக்கு நடந்தாள்.

காலனி ஆள் அந்தத் தெருவில் முன்வாசலில் வந்து நிற்பது இப்போதெல்லாம் பெரிய விஷயமில்லை என்பார்கள். சோறு ஆக்கி எடுத்து வருவது பெரிய விஷயம்தான். எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. கண்ணையன் வெளியே வந்தார். பின்னால் அவர் பெண்டாட்டி ராஜாமணி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அமலா வாசற்படியில் தட்டை வைத்தாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். சோற்றைப் பார்த்ததுமே அது எந்த நெல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னிக்கி அவருக்கு வருஷம்" என்றாள். "நானும் எம்பொண்ணும் எங்க பங்க சாப்ட்டு முடிச்சிட்டோம். இது உங்க பங்குங்க."

"வேணாங்க. சொல்றேன்ல, வேணாங்க" என்றாள் ராஜாமணி. கதவிடுக்கிலிருந்து அழுகிற மாதிரி அந்தக் குரல் வந்தது.

கண்ணையன் பெண்டாட்டியைப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அமலாவை, அவள் கையில் இன்னும் மறையாத கீறல் தழும்புகளைப் பார்த்தார். போன ஐப்பசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளை நேராகப் பார்த்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

ராஜாமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் கவளம் வாயில் இருந்தது, இறங்கவில்லை. மென்றார், மென்றுகொண்டே இருந்தார். இரண்டாவது இறங்கியது. அமலா எதிரே வெயிலில் நின்றாள். உட்காரவில்லை, நகரவில்லை. நடுவில் அவருக்குப் புரை ஏறியது. கண் பிதுங்க நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

"ராஜாமணி, தண்ணி கொண்டா. ஜல்தி" என்றார்.

"தோ வர்றேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அமலாவுக்கு உள்ளங்காலில் தீ பிடித்தது. தெரு, வீடு, வெயில் எல்லாம் போய் மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து நிற்கிறாள். ஒரு வருஷமாகச் சொல்லத் தவித்தது, கேட்கிறவன் இல்லாமல் தொண்டையில் நின்றது, அந்த வீட்டின் இருட்டைப் பார்த்து வந்துவிட்டது.

"மெதுவாவே வா" என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல. சுத்திக்கினே வா."

ராஜாமணி சொம்போடு நிலையில் அப்படியே நின்றாள். பிறகு, அவள் சொன்ன மாதிரியே, மெல்ல ஒவ்வோர் அடியாக வைத்து வந்து கொடுத்தாள்.

கண்ணையன் குடித்தார். மிச்சச் சோற்றையும் சாப்பிட்டார். தட்டில் ஒட்டியதையும் வழித்துச் சாப்பிட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் குழம்பில் விழுந்தது, அதோடுதான் சாப்பிட்டார். கடைசிப் பருக்கை போகும்வரை அமலா பார்த்தாள். பிறகு தட்டையும் தூக்கையும் எடுத்துக்கொண்டாள்.

"மீதி சாம்பல தெக்குப் பாதியில எறைச்சிடுங்க" என்றாள். "நாளைக்கு ஆளோட வர்றேன்."

கழனி வழியாகத்தான் காலனிக்குக் குறுக்குவழி. அவள் வரப்பைச் சுற்றிக்கொண்டு போனாள்.